ஈஸ்வரியின் கசாயமும் ஏழு வீட்டுக் கறிச்சோறும்

சேத்தூர் கண்ணுச்சாமி குடும்பத்து ஆண்களுக்கு வீட்டுக்குள் இரண்டே வேலை. மூக்கு முட்டத் தின்பது ஒன்று. தின்றது செரிக்கவில்லை என்று வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மற்றொன்று. வெளியே அவர்கள் பட்டாளத்திலும் போலீசிலும் இருந்தவர்கள், நிலபுலன் பார்க்கிறவர்கள், கடைத்தெருவில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிற ஆட்கள்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அந்த வீட்டுக் கூடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் ஏப்பம் வரவில்லை என்று நெஞ்சைக் குத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் வந்த ஏப்பம் நிற்கவில்லை என்று முறையிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வீட்டுக்குத்தான் தளவாய்புரத்திலிருந்து ஈஸ்வரி கண்ணுச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த புதிதில் பயந்துபோனாள். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெடுகிறதென்றால் நாம் வைத்த குழம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். பிறகுதான் விளங்கியது, குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தின்கிற அளவில்தான் கோளாறு என்று. அதை எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்ல முடியும்? மாமனாரிடம் போய், 'ஒரு கரண்டி குறைச்சுக்கிடுங்க மாமா' என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடியிருக்கவா முடியும்? ஆகவே அவள் கசாயம் போடப் பழகினாள்.

கண்ணுச்சாமிக்கு ஊர் ஊராக மாற்றல் வந்த காலத்தில், போலீஸ் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. கறி தின்ற வயிற்றுக்கு ஓமமும் சுக்கும். பொரித்தது தின்ற வயிற்றுக்குச் சீரகமும் புதினாவும். வாயுத் தொல்லைக்குப் பெருங்காயம் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தின்றுவிட்டு, என்ன தின்றோம் என்றே சொல்லத் தெரியாமல் முழிக்கிற வயிற்றுக்கு இஞ்சி, மல்லி, மிளகு, கொஞ்சம் கருப்பட்டி. கொதித்ததும் இறக்கி மூடிவைத்துவிட வேண்டும் என்பாள். திறந்து வைத்தால் வாசத்தோடு குணமும் போய்விடுமாம். அவள் கசாயத்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விடாதவன் அந்தச் சொந்தத்தில் கிடையாது.

ஆனாலும் கண்ணுச்சாமி அதை ஒரு நாள்கூட மூஞ்சியைச் சுளிக்காமல் குடித்ததில்லை. "என்னட்டி இது, மாட்டுக்குக் கொடுக்க மருந்து மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தம்ளரைக் காலி செய்வார். மகள் சிவரஞ்சனியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகுதான் கசாயத்துக்கு மரியாதை வந்தது. மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன். முதல் தடவை வாங்கிக் குடித்ததும், "அத்தை, இது ஹெர்பல் டீல்ல? எங்க ஆபீஸ் பக்கம் பெரிய கடையில இதத்தான் கண்ணாடிக் கோப்பையில கொடுக்கான்" என்றான். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே கண்ணுச்சாமி பஸ் ஸ்டாப்பில் நின்று, "நமக்கு எப்பவுமே ஹெர்பல் டீதான்ப்பா, மத்ததெல்லாம் ஒடம்புக்கு ஆகாது" என்று பேசிக்கொண்டிருந்தார். அடடா, அந்த மனுசனின் நாக்கு எப்படித்தான் கூசாமல் புரண்டதோ!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தச் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்ததும் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் பங்காளிகள் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்துக் கறிவிருந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வைக்காதவனுக்கு அவமானம். மாப்பிள்ளை போகாவிட்டால் பெண்ணைப் பெற்றவனுக்கு அவமானம். போய்விட்டுக் குறைவாகச் சாப்பிட்டாலோ, கேட்கவே வேண்டாம், அது அந்த வீட்டுப் பெண்களுக்கு, அடுப்புக்கு, வெட்டிய கிடாய்க்கு எல்லாம் சேர்த்து அவமானம். 'அங்க மூணு தடவ சோறு வாங்கினாராம், இங்க ரெண்டோட எந்திரிச்சுட்டாரு' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு என்றால் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்காது.

போதாக்குறைக்குக் கண்ணுச்சாமியின் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் வேல்பாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சேத்தூரிலேயே இருக்கிறார். தம்பி தங்கப்பாண்டியன் தோட்டத்துக்குப் போகிற பாதைத் தகராறில் கோபித்துக்கொண்டு ராஜபாளையத்தில் வீடு கட்டிப் போய்விட்டார். இருவரும் பேசிக்கொள்வதில்லையே தவிர, அவர் வீட்டில் என்ன குழம்பு என்று இவருக்கும், இவர் வீட்டில் என்ன பொரியல் என்று அவருக்கும் உடனுக்குடன் தெரிந்துவிடும்.

ஆக மொத்தம் ஏழு வீடு. மாப்பிள்ளைக்கு லீவு குறைச்சல். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று அடுத்தடுத்து ஏற்பாடு. இந்த ஏழு வீட்டிலும் அந்தப் பையன் ஒன்றுபோலத் தின்றாக வேண்டும். தின்ன வைக்கிற பொறுப்பு ஈஸ்வரியின் தலையில் விழுந்தது. கண்ணுச்சாமி அதை ஸ்டேஷனில் டியூட்டி போடுகிற மாதிரியே சொன்னார். "ஏட்டி, நீ பிளாஸ்க்க எடுத்துக்கிட்டு மாப்ள கூடயே இரு. ஒரு வீட்டுல தின்னது அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள எறங்கிறணும். எவனும் ஒரு சொல்லு சொல்லப்படாது. பிள்ளைக்கு நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நிக்க ஆள் வேணும் பாத்துக்கோ."

ஈஸ்வரிக்கும் அந்தப் பயம்தான். ஒரே மகள். ஏழு வீட்டில் ஒரு வீடு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அது மகளுக்குத்தான் குறை. அதனால் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வீடு செட்டியார்பட்டியில். காலையிலேயே இட்லிக்குக் குடல் குழம்பு, நாட்டுக்கோழி வறுவல், தொட்டுக்கொள்ள ஈரல். முதல் பந்தியில் மாப்பிள்ளை, பெண், கூடவே ஆண்கள். ஈஸ்வரி மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவன் கழுத்தில் வேர்வை அரும்புவதை வைத்தே வயிறு எதுவரை நிறைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கை கழுவிவிட்டு வந்ததும் தம்ளரை நீட்டினாள். பிறகு அவனைக் கொஞ்ச தூரம் நடக்க வைக்க வேண்டும், உட்கார விடக்கூடாது. அதற்குள் இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி என்று ஆண்கள் உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தார்கள். பெண்களுக்கு இலை போடுகிற நேரத்தில் வாசலில் கண்ணுச்சாமி ஹாரன் அடித்தார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்று வீட்டுக்காரி கையைப் பிடித்தாள்.

"வீட்டுல இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன் தாயி, வயிறு கும்முன்னு இருக்கு" என்றாள் ஈஸ்வரி.

வீட்டில் அவள் எங்கே சாப்பிட்டாள்? விருந்து நாளில் எவளாவது வீட்டில் உலை வைப்பாளா? ஊரெல்லாம் கறிச்சோறு இருக்கும்போது வீட்டில் சோறு பொங்கினால் சொந்தக்காரன் என்ன நினைப்பான்? அந்த அடுப்பில் கசாயம் மட்டும்தான் கொதித்தது.

மத்தியானம் இரண்டாவது வீட்டிலும் அதே கதை. "வாங்கக்கா, இலையில உக்காருங்க" என்றார்கள். வாசலில் ஹாரன். இங்கே என்ன சொல்வாள்? முதல் வீட்டில் சாப்பிடவில்லை என்று சொன்னால் செட்டியார்பட்டிக்காரன் மானம் கப்பலேறிவிடும். 'பொண்ணப் பெத்தவளப் பட்டினி போட்டு அனுப்பிட்டான்' என்று பேசுவார்கள். அதனால், "செட்டியார்பட்டியில விட்டாத்தானே, கட்டாயப்படுத்தி வச்சுட்டாக, இன்னும் நெஞ்சுல நிக்குது" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள். மூன்றாவது வீட்டில் இரண்டாவது வீட்டைப் புகழ்ந்தாள். நாலாவது வீட்டில் மூன்றாவது வீட்டை. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முந்தைய வீட்டுச் சமையலைக் கேட்டு வயிறெரிந்தாள். ஈஸ்வரியின் வயிறு உண்மையிலேயே எரிந்தது.

வேல்பாண்டி வீட்டில் ஒரு தடவை அவளுக்கு இலை விழத்தான் செய்தது. அவர் மனைவி அய்யம்மாள் அதட்டி உட்கார வைத்து, ஆவி பறக்கச் சோறு போட்டு, எலும்புக் குழம்பையும் ஊற்றினாள். ஈஸ்வரி பிசைந்து முதல் உருண்டையை எடுத்தாள். "அத்தாச்சி, மாப்பிள்ளைக்கு விக்கல் நிக்கல!" என்று கூடத்திலிருந்து ஒரு சத்தம். உருண்டையை இலையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது இலையை எடுத்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை; எழுந்து போன இலையை எடுக்கத்தானே செய்வார்கள்.

ஒரு வாழைப்பழம் தின்றால் ஆகாதா, ஒரு டீக்கடை பன் கிடைக்காதா என்று கேட்கலாம். கறிவிருந்துக்கு வந்த மாமியார்க்காரி டீக்கடையில் நின்று பன் தின்றால், அதைப் பார்த்தவன் சும்மா இருப்பானா? மாப்பிள்ளைக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றிரண்டை யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். மற்றபடி பசி கிள்ளும்போதெல்லாம் பிளாஸ்க்கைத் திறந்து கால் தம்ளர் கசாயம் குடித்தாள். சூடாக உள்ளே இறங்கும்போது பசி அடங்கின மாதிரி இருக்கும். செத்த நேரம் கழித்து, சுக்கும் மிளகும் காலி வயிற்றில் தங்கள் வேலையைக் காட்டும். அப்போது சேலை மடிப்பைச் சரிசெய்கிற பாவனையில் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். "மதினிக்கும் தின்னது செமிக்கல போல" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஏழாவது வீடு, மூன்றாம் நாள் மத்தியானம், ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியன் வீடு. அண்ணன் வீட்டை மிஞ்ச வேண்டும் என்று அந்த மனுசன் மாடியில் பந்தல் போட்டுப் பிரியாணி, கோலா உருண்டை, காடை, மீன் என்று ஒரு சந்தையையே இலையில் இறக்கியிருந்தார். போதாதென்று தம் மகனை மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார வைத்து, இலையில் எத்தனை எலும்பு சேருகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். லிங்கேஸ்வரன் பாவம், பலிக்கு நிறுத்தின கிடாய் மாதிரி முழித்தான். அவன் பின்னால் நின்ற ஈஸ்வரிக்குப் பிரியாணி வாசம் மூக்கில் ஏறியது. பந்தல் துணி மேலும் கீழும் ஆடுவது போலிருந்தது. கண்ணைக் கட்டியது. கையிலிருந்த பிளாஸ்க் முதலில் விழுந்தது, அடுத்து அவள்.

கூச்சல், ஓட்டம், தண்ணீர் தெளிப்பு எல்லாம் நடந்தது. தங்கப்பாண்டியன் மனைவி சொன்னாள், "ஏழு வீட்டுக் கறி! பின்ன என்ன, ஒடம்பு தாங்குமா?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அஜீரணம் என்று சபை முடிவு செய்துவிட்டது. அஜீரணத்துக்கு என்ன மருந்து என்று அந்தச் சொந்தத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உருண்டு கிடந்த பிளாஸ்க்கை எடுத்து, மிச்சமிருந்த கசாயத்தைத் தம்ளரில் ஊற்றி, இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பிடிக்க, ஒருத்தி மூக்கைப் பிடிக்க, அவள் கைப்பட வைத்த கசாயத்தை அவள் வாயிலேயே ஊற்றினார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்கள் சிக்கனமே காட்டவில்லை. முழுத் தம்ளர். ஈஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மாப்பிள்ளைதான் காரை எடுத்துக்கொண்டு வந்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னவயசு டாக்டரம்மா. "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டதுதான் தாமதம், கதவடியில் நின்ற கூட்டம் ஈஸ்வரியை வாய் திறக்கவே விடவில்லை.

"எங்க வீட்டுல குடல் குழம்பும் இட்லியும். நல்லா சாப்பிட்டாக" என்றாள் செட்டியார்பட்டிக்காரி.

"எங்க வீட்டுல எலும்புக் குழம்பு, நானே கையால போட்டேன்" என்றாள் அய்யம்மாள். ராஜபாளையத்து வீட்டுக்கு வராதவர்கள், சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டுல இப்பத்தான் பிரியாணி..." என்று தங்கப்பாண்டியன் மனைவி ஆரம்பித்து, அது பொய் என்று அவளுக்கே தோன்றியதோ என்னவோ, பாதியில் நிறுத்தினாள்.

டாக்டரம்மா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "இவ்வளவையும் ஒரு மனுஷி சாப்பிட்டா மயங்கத்தான் செய்வாங்க. ரெண்டு நாளைக்கு வாயில ஒண்ணும் கொடுக்காதீங்க. வயிறு காயட்டும்" என்றாள்.

ஈஸ்வரிக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ரெண்டு நாளா? அடப்பாவிகளா! உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஏழு வீடும் போச்சு. மகளுக்காக இத்தனை நாள் கட்டிக் காத்தது எல்லாம் வீணாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்த நர்ஸ், மிஷினை டாக்டரம்மாவிடம் காட்டினாள். டாக்டரம்மா அதைப் பார்த்தாள், ஈஸ்வரியைப் பார்த்தாள், கூட்டத்தை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எப்ப சாப்பிட்டீங்க?"

"வெளியில சொல்லிற மாட்டியளே?"

"மாட்டேன்."

ஈஸ்வரி மெல்லச் சொன்னாள். கசாயம் குடித்ததையும் மறைக்காமல் சொன்னாள். "சாப்பிட்டது செமிக்கக் கசாயம் குடிப்பாங்க, சரி. நீங்க எது செமிக்கக் குடிச்சீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா. வயிற்றில் புண் ஆகியிருக்கும், இனி காரம் ஆகாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இப்போதைக்கு இட்லி, கஞ்சி மாதிரி மெதுவானது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனாள். சொன்ன வாக்குப்படி வெளியே யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலாவது தேவலை. கதவுக்கு வெளியே கண்ணுச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தியிடம் போனில் பேசுவது ஈஸ்வரிக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒண்ணுமில்ல சம்பந்தி, பதறாதிய. கறியக் கண்டா எங்க வீட்டம்மாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஏழு வீட்டுலயும் வெளுத்து வாங்கிருக்கா. வயிறு என்ன வண்ணான் தாழியா? ஹெஹ்ஹே... ஆமா ஆமா, பொம்பளையாளுக்கு அளவு தெரியணும்ல."

ஈஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பட்டினி கிடந்தவளைத் தீனிப்பண்டாரம் ஆக்கிவிட்டானே, அதுவும் மகள் வாழப்போகிற வீட்டுக்காரர்களிடம், அதுவும் இந்த வாய், இருபத்தைந்து வருசமாக இவள் கசாயத்தில் ஏப்பம் விட்ட வாய்! எழுந்து உட்கார்ந்தாள். குளுக்கோஸ் குழாய் இழுத்தது.

"எல்லாரும் உள்ள வாங்க" என்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அதுவரை அந்தச் சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. போனைக் காதில் வைத்தபடியே கண்ணுச்சாமியும் வந்தார்.

"கேட்டுக்கிடுங்க. உங்க ஏழு வீட்டுலயும் நான் ஒரு வாய் சோறு திங்கல. ஒரு வாய்! மாப்ளைக்குச் செமிக்குதா, மாமனுக்குச் செமிக்குதான்னு உங்க வயித்துக்குப் பின்னாலயே அலைஞ்சேன். எனக்கு எவளும் இலை போடல, போட்டவ செத்த நேரம் வச்சிருக்கல. ஒருத்தி வீட்டக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு இன்னொருத்தி வீட்டுல தின்னேன்னு சொன்னேன். சம்பந்திகிட்டச் சொல்லுங்க, உங்க வீட்டம்மா கறி தின்னு விழல, கசாயம் குடிச்சு விழுந்தான்னு. சொல்லுங்க, போன் இன்னும் காதுலதான இருக்கு!"

போனுக்குள் சம்பந்தி 'ஹலோ, ஹலோ' என்றார். கண்ணுச்சாமி அதை அணைத்தார்.

இப்போது அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு மனுசி பட்டினி கிடந்தாளே என்று யாராவது ஒரு பெண் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். மனசாட்சி உள்ளவன் அப்படித்தான் நினைப்பான். வேல்பாண்டி மீசையை நீவிக்கொண்டு, "அப்ப எங்க வீட்டுல இலையில உக்காந்துட்டு எந்திரிச்சுப் போனது வேணும்னே செஞ்சதா?" என்று கேட்டார். தங்கப்பாண்டியன் மனைவிக்கு மூக்கு சிவந்தது. "நாங்க இலை போடுறதுக்கு முன்னயே விழுந்துட்டா. எங்களச் சேத்து எப்படிச் சொல்லலாம்? ஆறு வீடுன்னு சொல்லுங்க" என்றாள். செட்டியார்பட்டிக்காரி, நான் கையைப் பிடித்து இழுத்தேன், அவள்தான் உதறினாள் என்று சத்தியம் செய்தாள். ஆஸ்பத்திரி ஆயா வந்து விரட்டுகிறவரை இந்த வழக்கு நடந்தது.

மறுநாள் காலையில் ஜன்னல் விளிம்பில் ஏழு டிபன் கேரியர்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. காரம் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதை ஏழு வீடும் கேட்டிருந்தது. ஏழு வீட்டிலும் மிளகு போட்ட கோழிச் சாறுதான். கேரியரோடு ஆட்களும் வந்து சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யார் வீட்டுக் கேரியரை முதலில் திறக்கிறாள் என்று பார்க்க வேண்டுமே. அண்ணன் கேரியருக்கும் தம்பி கேரியருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள்.

ஈஸ்வரி எல்லாக் கேரியரையும் ஒரு பார்வை பார்த்தாள். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டாள். "கேன்டீன்ல போயி நாலு இட்லி வாங்கிட்டு வாரியளா? சட்னி, சாம்பார் வேண்டாம்."

மாமியார் மாப்பிள்ளையை இட்லி வாங்க அனுப்புவதா! அய்யம்மாள் வாயில் கையை வைத்தாள். லிங்கேஸ்வரனுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்குத் தின்பதைத் தவிர வேறு வேலையை யாரும் கொடுக்கவில்லை. ஒரே ஓட்டமாகப் போனான். ஏழு வீட்டுக்காரர்களும் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி வராந்தாவுக்கு வெளியேறினார்கள். அங்கே ஓர் அதிசயம் நடந்தது. வேல்பாண்டி தம்பியைப் பார்த்து, "பாத்தியாலே, எம்புட்டுத் திமிரு!" என்றார். தங்கப்பாண்டியன், "ஆமாண்ணே, நம்மள மனுசனாவே மதிக்கல" என்றார். பாதைத் தகராறுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து வெகுநேரம் ஈஸ்வரியைத் திட்டினார்கள். கண்ணுச்சாமி நடுவில் நின்று, திட்டில் தாமும் சேர்வதா வேண்டாமா என்று தெரியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவருக்குக் கசாயம் போட ஆளில்லை.

மாப்பிள்ளை இட்லியைக் கொடுத்துவிட்டு வெளியே போனபின் உள்ளே தாயும் மகளும் மட்டும். சிவரஞ்சனி இட்லியைப் பிய்த்து அம்மாவுக்கு ஊட்டினாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. கல்யாணத்துக்கு வைத்த மருதாணி இன்னும் கையில் சிவப்பாகத்தான் இருந்தது.

"ஏட்டி, நீ சாப்பிட்டியா?" என்றாள் ஈஸ்வரி.

"சாப்பிட்டேம்மா" என்றாள் மகள், உடனே, முகத்தைப் பார்க்காமல்.

"எங்க?"

"ராஜபாளையம் சித்தி வீட்டுல கொண்டாந்தாங்கல்ல. வயிறு கும்முன்னு இருக்கு."

சித்தி வீட்டுக் கேரியர் மூடி திறக்காமல் இப்போதுதான் வெளியே போனது. ஈஸ்வரி மகளையே பார்த்தாள். என்ன ஒரு சரளம்! வார்த்தை தடுக்கவில்லை, குரல் பிசிறவில்லை. இதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இவள் தவழுகிற காலத்திலிருந்து அந்த அடுக்களையில் தினமும் மூன்று வேளை கேட்டு வளர்ந்த பேச்சல்லவா இது! நாளைக்கு இவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். அங்கேயும் நாலு ஆண்கள் இருக்கிறார்கள், நாலு வயிறு இருக்கிறது. இதே குரலில் சொல்லுவாள், எல்லோரும் நம்புவார்கள். ஈஸ்வரிக்கு அத்தனை பேர் முன்னால் கத்தியபோது வராத அழுகை இப்போது வந்தது.

மகள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். பாதி இட்லியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தாள்.

"அம்மா, இது ஒனக்கு வாங்கினது..."

"பேசாத. இன்னொரு தடவ தின்னேன்னு எங்கிட்டப் பொய் சொன்ன, கொன்னு போட்டுருவேன். எவன் வீட்டு மானமும் ஒன் வயித்துல ஏறி உக்காரப்படாது, கேட்டியா?"

சிவரஞ்சனி வாய் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு தேம்பினாள். விழுங்க முடியாமல் விக்கியது. "தொண்டையில அடைக்கும்மா. இப்பத் தின்னா செமிக்காது" என்று குழறினாள்.

"மொதல்ல தின்னு" என்றாள் ஈஸ்வரி. "செமிக்கிறதப் பொறவு பாத்துக்கிடலாம்."